‘ஸ்பின்ஸ்டர்’ முதல் ‘சித்தாள்’ வரை: பணியின் பெயரும் பெண்ணின் ஊதியமும்

ஆங்கிலத்தில் ‘ஸ்பின்ஸ்டர்’ என்றொரு சொல் உண்டு. மணம் செய்துகொள்ளாத பெண், குறிப்பாக மணவயதைக் கடந்துவிட்டதாக ஊரார் கருதும் பெண் என்பது அதன் இன்றைய பொருள். பிறந்தபோது அது வெறும் தொழிற்பெயர். நூல் நூற்பவள் என்பதைத் தவிர வேறு எதையும் அது குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ என்பது பெண்பால் விகுதி. நெய்பவள் ‘வெப்ஸ்டர்’, மது வடிப்பவள் ‘புரூஸ்டர்’, ரொட்டி சுடுபவள் ‘பேக்ஸ்டர்’. இவை பின்னாளில் குடும்பப் பெயர்களாகத் தேய்ந்தன. புகழ்பெற்ற அமெரிக்க அகராதியைத் தொகுத்த நோவா வெப்ஸ்டரின் பெயரிலும் நெசவுப் பெண் ஒருத்தி ஒளிந்திருக்கிறாள்.

‘ஸ்பின்ஸ்டர்’ மட்டும் வேறு வழியில் போயிற்று. நூற்றுப் பிழைத்தவர்களில் மணமாகாத பெண்கள் மிகுந்திருந்தமையால், 17-ஆம் நூற்றாண்டுக்குள் சட்ட ஆவணங்களில் அது தொழிலின் பெயர் என்ற நிலையை இழந்து, மணநிலையின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிலிருந்து அச்சொல் நீங்கியது 2005-இல்தான்.

இந்தச் சொல்லின் கதையை ராஜபாளையத்தில் இருந்து படிக்கும்போது அது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில் தொடங்கி, இந்நகரின் வாழ்வு நூற்பாலைகளோடு பின்னிக் கிடக்கிறது. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி நாடெங்கும் செல்கிறது. முறை மாறும் நேரத்தில் ஆலைப் பேருந்துகளிலிருந்து இறங்கும் பெண்கள் அனைவரும், அச்சொல்லின் முதற்பொருளில், ‘ஸ்பின்ஸ்டர்’களே. அவர்களைத் தமிழில் என்னவென்று அழைக்கிறோம், அவர்களின் நியமனக் கடிதத்தில் என்ன பெயர் எழுதப்படுகிறது என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அதற்கு இப்போது சட்ட முக்கியத்துவம் வந்திருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் இரண்டு கூறுகள் இங்கே கவனிக்கத்தக்கவை. ஒன்று, பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது. மற்றொன்று, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பால் அடிப்படையில் ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்பது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னதையே இது விரித்துச் சொல்கிறது. ‘ஒத்த வேலை’ எது என்று தகராறு எழுந்தால் அரசு நியமிக்கும் அதிகாரி முடிவு செய்வார். அப்போது அவர் முன் வைக்கப்படும் முதல் சான்று, நியமனக் கடிதத்தில் உள்ள பணிப்பெயராகவே இருக்கும்.

பெயர் பிரிந்தால் ஊதியம் பிரியும்

பணிப்பெயருக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று ஐயுறுவோருக்கு, உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் விடை தருகின்றன.

முதலாவது, 1981-இல் வந்த ஏர் இந்தியா – நர்கேஷ் மிர்சா வழக்கின் தீர்ப்பு. அந்நாளில் விமானப் பணிப்பெண்கள் ‘ஏர் ஹோஸ்டஸ்’ என்று அழைக்கப்பட்டனர். அதே விமானத்தில், ஏறத்தாழ அதே பணியைச் செய்த ஆண்களுக்கு ‘பர்சர்’ என்ற வரிசையில் பதவிப்பெயர். ஆண்கள் 58 வயது வரை பணியாற்றலாம். பெண்களோ 35 வயதானாலும், பணியில் சேர்ந்த நான்காண்டுக்குள் மணந்தாலும், முதல்முறை கருவுற்றாலும் வெளியேற வேண்டும். கருவுற்றால் வேலை போகும் என்ற விதியை நீதிமன்றம் கடுமையாகச் சாடி நீக்கியது. ஆனால், ஆண்களோடு ஒப்பிட்டுச் சமத்துவம் கேட்ட வாதத்தை அது ஏற்கவில்லை. இரு சாராரும் தனித்தனிப் பணிப்பிரிவினர், நியமன முறையும் பதவி உயர்வும் வேறு வேறு, ஆகவே ஒப்பிட இயலாது என்றது. ‘ஹோஸ்டஸ்’ என்ற தனிப்பெயரும் அதைச் சுற்றி எழுப்பப்பட்ட தனி விதிகளும் சேர்ந்து, சமத்துவ உரிமைக்கு எதிரான சுவராகிவிட்டன.

இரண்டாவது தீர்ப்பு 1987-இல் வந்தது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் உயரதிகாரிகளிடம் பணியாற்றிய பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ‘கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்’ என்பது பதவிப்பெயர். ஆண் சுருக்கெழுத்தர்களைவிட அவர்களுக்கு ஊதியம் குறைவு. அவர்கள் தனி வகையினர் என்று நிறுவனம் வாதிட்டது. இம்முறை நீதிமன்றம் பெயரை விலக்கிவிட்டு வேலையைப் பார்த்தது. இருவர் செய்வதும் ஒரே தன்மையுள்ள வேலைதான் என்றும், தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தமோ நிறுவனத்தின் நிதிநிலையோ சம ஊதியத்தை மறுக்கக் காரணமாகாது என்றும் தீர்ப்பளித்தது.

ஆறாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்து ஒரு பாடம் சொல்கின்றன. பெண்ணுக்கெனத் தனிப் பணிப்பெயர் இருந்தால், தனி ஊதியத்துக்கும் தனி விதிக்கும் அது கதவைத் திறந்துவிடுகிறது. அதை மூட ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒரு பெண் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. பிரிட்டன் இதை முன்னரே உணர்ந்தது. 1975-ஆம் ஆண்டின் அந்நாட்டுப் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம், ‘வெயிட்டர்’, ‘சேல்ஸ்கேர்ள்’, ‘போஸ்ட்மேன்’, ‘ஸ்டூவர்டஸ்’ என்பன போன்ற சொற்களை எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டது. வேலை விளம்பரத்தில் இத்தகைய பெயர் வந்து, மறுப்புக் குறிப்பு ஏதும் இல்லையென்றால், பாகுபாடு காட்டும் நோக்கம் இருப்பதாகவே கொள்ளப்படும் என்றது. ஆங்கிலத்தில் பெண்பால் பணிப்பெயர்கள் வழக்கொழிந்ததற்கு நாகரிக உணர்ச்சியோடு இத்தகைய சட்டங்களும் காரணம்.

‘அர்’ எவருக்குக் கிடைக்கிறது?

தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று பெருமை கொள்ளலாம். ஆண்பாலுக்கு ‘ன்’, பெண்பாலுக்கு ‘ள்’, பலர்பாலுக்கு ‘ர்’ என்று வகுத்த மொழி, ஒருவரையே பன்மையால் சுட்டி மதிக்கும் வழக்கையும் வளர்த்துக்கொண்டது. அது இலக்கண நெறியைச் சார்ந்ததன்று, வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியம் குறித்து வைத்திருக்கிறது. அந்த மரியாதைப் பன்மைதான் இன்று நமக்குப் பொதுப்பால் பணிப்பெயர்களைத் தந்திருக்கிறது. அமைச்சர், மருத்துவர், வழக்கறிஞர், எழுத்தாளர், ஓட்டுநர் ஆகிய எவற்றிலும் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரே இதற்கு மிகச் சிறந்த சான்று. பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண்ணான ஆண்டாள் அவ்வூரில் தோன்றியவர். அவருக்கெனப் பெண்பாலில் ஒரு தனிப்பட்டத்தை மரபு உருவாக்கவில்லை. மற்ற பதினொருவரோடு சேர்த்து ஆழ்வார் என்றே எண்ணியது. ஆங்கிலம் ‘போயட்’, ‘போயடஸ்’ என்று பிரித்துக்கொண்டிருந்த காலத்துக்கும் பல நூற்றாண்டு முன்னரே, பக்தியிலும் கவித்துவத்திலும் சமமானவருக்குச் சமமான பெயரைத் தமிழ் தந்துவிட்டது.

ஆனால் இந்தப் பெருமைக்குள் ஓர் உறுத்தல் இருக்கிறது. பொதுப்பால் மரியாதையிலிருந்து பிறந்தது என்றால், மரியாதை எட்டாத இடங்களில் பொதுப்பாலும் எட்டாது. மருத்துவக் கல்லூரியில் படித்தவர் ‘மருத்துவர்’ ஆனார். தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பிள்ளைகளைப் பிறப்பித்தவர் ‘மருத்துவச்சி’யாகவே நின்றார். எழுதுபவர் எழுத்தாளர் என்றால், வீட்டு வேலை செய்பவர் ‘வேலைக்காரி’. பூ விற்பவரைச் சற்றே மதித்து அழைக்க விரும்புவோரும் ‘பூக்காரம்மா’ என்று உறவுமுறையைக் கடன் வாங்குகிறார்களேயன்றி, ‘அர்’ விகுதியை அவருக்குத் தருவதில்லை. உழைப்பாளி ஆணுக்கும் இதே கதிதான், அவன் ‘வேலைக்காரன்’. ஆயினும் ஆணுக்கு மேலேறும் படி ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. பெண்ணுக்கு அதுவும் இல்லை.

இதற்குக் கட்டுமானத் தொழிலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சுவர் எழுப்புபவர் ‘கொத்தனார்’. மரியாதை விகுதி பெயரிலேயே இருக்கிறது. கல்லும் கலவையும் சுமந்து கொடுப்பவர் ‘சித்தாள்’, அதாவது சிறிய ஆள். இச்சொல்லில் பெண்பால் விகுதி எதுவும் இல்லை. எனினும் சித்தாள் என்றதும் நம் கண்முன் நிற்பது தலையில் சும்மாடு வைத்த ஒரு பெண்தான். சித்தாளாகத் தொடங்கும் இளைஞன் சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனாராகிறான். இருபது ஆண்டுகள் அதே சாரத்தில் நின்ற பெண் சித்தாளாகவே ஓய்கிறார். கொத்தனார் கூலி ஒன்று, சித்தாள் கூலி மற்றொன்று என்பது ஊரறிந்த செய்தி. வயல்வேலையில் இதை இன்னும் வெளிப்படையாக ‘ஆண் கூலி’, ‘பெண் கூலி’ என்றே சொல்கிறோம். அங்கே பெயரும் ஊதியமும் ஒன்றாகவே பிரிந்து நிற்கின்றன.

ஆகவே, ‘ஆசிரியை’ என்று எழுதலாமா கூடாதா என்ற வழக்கமான விவாதம் விளிம்பில் நின்று பேசுவதாகும். அரசுப் பள்ளியில் பதவிப்பெயர் ‘ஆசிரியர்’தான், ஊதிய விகிதமும் ஒன்றுதான். ‘ஆசிரியை’, ‘தலைமை ஆசிரியை’ என்பவை பேச்சிலும் செய்தித்தாளிலும் வாழும் சொற்கள். அவற்றை விடுவது நன்று. விடாவிட்டாலும் யாருடைய சம்பளமும் குறைந்துவிடாது. பெயர் காசாக மாறும் இடங்கள் வேறு. கவனம் அங்கேதான் தேவை.

நூற்பவளும் சுமங்கலியும்

அப்படி ஓர் இடம் பஞ்சாலை. நூற்புப் பிரிவில் எந்திரத்தைக் கவனிப்பவர் ‘சைடர்’, நிறைந்த நூற்கண்டுகளை அகற்றுபவர் ‘டாஃபர்’. தமிழாக்கப்படாத இவ்வாங்கிலப் பெயர்களில் பால் வேறுபாடு இல்லை. ஆனால், தமிழக நூற்பாலைகள் சிலவற்றில் இளம்பெண்களைச் சேர்த்த முறைக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கப்பட்டது; அது ‘சுமங்கலித் திட்டம்’. ‘மாங்கல்யத் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்ற பெயர்களிலும் அது விளங்கிற்று. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பரவியிருந்த இம்முறையில், தென்மாவட்டங்கள் உட்படப் பல பகுதிகளின் ஏழைக் குடும்பத்துப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கி வேலை செய்தனர். அன்றாட ஊதியம் குறைவு; ஒப்பந்த முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை. ஏட்டில் அவர்களில் பலர் தொழிலாளர் அல்லர், ‘பயிற்சியாளர்’. நோயாலோ வேறு காரணத்தாலோ இடையில் விலகியவர்கள் அந்தத் தொகையை இழந்த நிகழ்வுகள் பல. 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இம்முறையை உலகின் பார்வைக்குக் கொண்டுசென்றது.

இங்கே சொல்லின் பயணம் தலைகீழாக நடந்திருப்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் நூற்பவள் என்ற தொழிற்பெயர் மணமாகாதவள் என்ற மணநிலையாயிற்று. தமிழகத்தில் மணமானவள் என்ற மணநிலை நூற்பவளின் வேலைத் திட்டத்துக்குப் பெயராயிற்று. இரண்டிலும் விளைவு ஒன்றே. பெண் செய்யும் வேலை அவளது வேலையாக மதிக்கப்படாமல், திருமணத்துக்கு முந்தைய காத்திருப்பாகக் கருதப்படுகிறது. காத்திருப்பவருக்கு எதற்குப் பதவி உயர்வு, எதற்கு வருங்கால வைப்பு நிதி, எதற்குப் பணிக்கொடை என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. ‘பயிற்சியாளர்’ என்ற சொல் பார்வைக்குப் பொதுப்பாலானது, குற்றமற்றது. ஆண்டுக்கணக்கில் முழுநேர உற்பத்தியில் ஈடுபட்டவருக்கு அதைச் சூட்டியபோது, அதுவே ஊதியத்தைக் குறைக்கும் கருவியாயிற்று. ‘சுமங்கலி’ என்ற பெயர் விளம்பரங்களில் இப்போது அரிதாகிவிட்டது. பெயர் போனதால் மனப்பான்மையும் போய்விட்டது என்று நம்பிவிட இயலாது.

பொதுப்பெயர் மட்டும் போதுமா?

எல்லாப் பணிப்பெயர்களையும் பொதுப்பாலாக்கிவிட்டால் பெண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்களே என்ற மறுப்பு ஒன்று உண்டு. அது புறந்தள்ளத்தக்கதன்று. பிரான்சில் பெண்ணியர் பலர் இதற்கு எதிர்த்திசையில் போராடினர். பதவிப்பெயர்கள் பலவும் ஆண்பாலில் மட்டுமே இருந்த அம்மொழியில், பெண்பால் வடிவம் வேண்டும் என்பதே கோரிக்கை. நெடுங்காலம் மறுத்துவந்த பிரெஞ்சு அகாதெமி 2019 பிப்ரவரியில் அதை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு அது சரி. அங்கே ‘பொது’ என்று சொல்லப்பட்டது உண்மையில் ஆண்பால். தமிழின் ‘அர்’ அப்படியன்று; அது இலக்கணத்திலேயே இருபாலுக்கும் பொது. நமக்கு வேண்டிய கண்ணுக்குத் தெரிதலைப் புள்ளிவிவரமும் பணியாளர் பதிவேடும் தரட்டும். எத்தனை பெண்கள், என்ன பணியில், என்ன ஊதியத்தில் என்று ஆண்டுதோறும் எண்ணிச் சொன்னால் போதும். ஒவ்வொரு பெண்ணும் தன் பணிப்பெயரில் அதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

அதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. பெயர் பொதுவானாலும் பணி பொதுவாகாமல் போகலாம். ‘அர்ச்சகர்’ என்ற சொல்லில் பால் இல்லை. எனினும், 2023 செப்டம்பரில் மூன்று பெண்கள் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றது தலைப்புச் செய்தியாயிற்று. ஆண்டாளை ஆழ்வார் என்று போற்றிய நாட்டில், அது செய்தியாகும் அளவுக்குப் புதுமையாக இருந்தது. உள்ளாட்சியிலும் இதைக் காண்கிறோம். தமிழகத்தில் 2016-இல் சட்டத்திருத்தம் மூலம் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. சட்டத்தின் சொல் ‘தலைவர்’. ஊரின் சொல் இன்னும் ‘சேர்மன்’. ஆங்கிலத்தில் ‘மேயரஸ்’ என்றால் மேயரின் மனைவி என்பது பழைய பொருள். நம் ஊர்கள் சிலவற்றில் தலைவரின் கணவர், எந்தப் பட்டமும் இல்லாமலே, கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து முடிவெடுக்கிறார்.

அங்கன்வாடியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘பணியாளர்’ என்பதைவிடப் பொதுவான சொல் இருக்க முடியாது. ஆனால், 1975-இல் அத்திட்டம் தொடங்கியதிலிருந்து, கிட்டத்தட்ட முழுவதும் பெண்களே செய்துவரும் அந்த வேலையை ஒன்றிய அரசு மதிப்பூதியத் தொண்டாகவே கணக்கிடுகிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை நிலைநாட்ட, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பெயரை மாற்றுவது முதற்படி. அப்படியிலேயே நின்றுவிட்டால் அது அலங்காரம்.

நியமனக் கடிதத்தில் தொடங்கலாம்

ஆகவே, புதிய சட்டத் தொகுப்புகள் கட்டாயமாக்கியுள்ள நியமனக் கடிதத்தை வெறும் சம்பிரதாயத் தாளாக விட்டுவிடக் கூடாது. அதில் எழுதப்படும் பணிப்பெயர் செய்யும் வேலையைக் குறிக்க வேண்டும். செய்பவரின் பாலையோ வயதையோ மணநிலையையோ குறிக்கக் கூடாது. ஓர் ஆலையில் ஒரு பணிக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். பயிற்சிக் காலம் எப்போது முடியும், முடிந்ததும் என்ன பதவி, என்ன ஊதியம் என்பதும் அக்கடிதத்திலேயே இருக்க வேண்டும். கடிதம் தொழிலாளி படித்தறியும் மொழியில் அமைய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அலுவலர்கள், பணிப்பெயர்ப் பட்டியலையும் ஊதியப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும்.

சித்தாளுக்கு இது எட்டுமா என்பது கடினமான கேள்வி. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு நியமனக் கடித விதி பெரும்பாலும் பொருந்தாது. நம் ஊர்களில் வீடு கட்டும் வேலை பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான் நடக்கிறது. அங்கே வழி வேறு. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வழியாகப் பெண்களுக்குக் கொத்து வேலையிலும் ஓடு பதிப்பதிலும் பயிற்சியளித்துச் சான்றிதழ் தருவதும், அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் அவர்களைக் கொத்தனார்களாகவே அமர்த்தச் செய்வதும் தொடக்கமாக இருக்கலாம். ‘பெண் கொத்தனார்’ என்று முதலில் வியப்போடு சொல்வோம். ‘பெண்’ என்ற அடைமொழி உதிர்ந்து, ‘கொத்தனார் வந்துவிட்டாரா?’ என்று ஒரு பெண்ணைக் குறித்து இயல்பாகக் கேட்கும் நாளில் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

செய்தித்தாள்களுக்கும் இதில் பங்குண்டு. மருத்துவருக்கும் ஆட்சியருக்கும் எளிதாகத் தரும் ‘அர்’ விகுதியை, வீட்டு வேலை செய்பவருக்கும் பூ விற்பவருக்கும் பஞ்சாலையில் நூற்பவருக்கும் தருவதற்கு எவருடைய ஆணையும் தேவையில்லை.

ஆண்துணை இல்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலை, உயர்ந்த மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாக்கிய பாடலொன்று நற்றிணையில் உண்டு, பாடியவர் கபிலர். ஆங்கிலேயரின் ‘ஸ்பின்ஸ்டர்’ பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தனித்து நின்று நூற்றுப் பிழைத்த பெண்களைத் தமிழ்ப் புலவர் கண்டிருக்கிறார். அவர்களின் வேலைத்திறனை வியந்திருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மேகம் தவழும் முகடுகளைப் பார்த்தபடி இயங்கும் ராஜபாளையத்து ஆலைகளில் அந்த நூல் இன்றும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நூற்பவருக்கு உரிய பெயரும் அப்பெயருக்கு உரிய ஊதியமும் சேர்ந்து கிடைப்பதே இனி நடக்க வேண்டியது.